மஞ்சளுக்கு நடுவே ஒரு சாம்பல்

பெர்னதெத் டீச்சரிடம் ஓவியம் கற்க வந்தவர்களில் கோவர்த்தனன்தான் மூத்தவர். டீச்சரைவிடவும் மூத்தவர். பஞ்சாலையில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவருக்குக் கோடும் கட்டமும் கைவந்திருந்தன.

கேன்வாஸ் துணி முழுக்கக் கட்டம் போட்டு, சாம்பல் நிறமும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்தார். நடுவில் இருந்த ஒரு சாம்பலைச் சுற்றி மட்டும் மஞ்சள் வைத்தார். பார்க்கிறவர் கண் அங்கே போய் நிற்கட்டும் என்று.

மறுநாள் பார்த்தால் அந்தச் சாம்பலில் ஊதா ஓடியிருந்தது. சுரண்டிவிட்டு அதே சாம்பல் டப்பாவிலிருந்து எடுத்து அடித்தார். மறுபடியும் ஊதா.

பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் மரகதம் ஊதாவில்தான் வரைந்துகொண்டிருந்தாள். அவள் பிரஷ் தன் டப்பாவில் பட்டிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் சிரித்தாள்.

“என் பிரஷ் என்னண்ணே பண்ணும்? ஜாதகக் கட்டம் மாதிரிதான் இதுவும். பக்கத்துல எந்தக் கிரகம் உக்காந்து பாக்குதுன்னு பாருங்க.”

“கை சுத்தமில்லாதவங்க பக்கத்துல என்னால உக்கார முடியாது” என்றார் அவர்.

மரகதம் பிரஷ்களைக் கழுவி, சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மனைவி இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அவள் பேச்சுக்குத்தான்.

மனசு கேட்காமல் படத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனார். டீச்சர் ஓர் அட்டையில் இரண்டு ஓட்டை வெட்டிப் படத்தின்மேல் வைத்தார். ஒன்றில் நடுச் சாம்பல், இன்னொன்றில் ஓரத்துச் சாம்பல்.

“இதுல எது கெட்டது?”

கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அட்டையை எடுத்தார், ஊதா வந்தது. வைத்தார், போனது. திரும்பவும் எடுத்தார்.

“அப்போ டப்பாவுல யாரும் கை வைக்கலையா, டீச்சர்?”

“மஞ்சள் யார் வச்சது?”

“நான்தான்.”

டீச்சர் அட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்.

“அப்போ இது ஊதாவா, சாம்பலா? ஒண்ணும் புரியலையே. நான் எந்தக் கட்டத்தைத் திருத்தணும்?”

“மரகதம் அப்பவே சொல்லிட்டாளே.”

கோவர்த்தனன் படத்தைப் பார்த்தபடியே நின்றார். சுரண்டும் கத்தி இன்னும் கையில் இருந்தது.

“கடலூர் பஸ்ஸை இன்னும் எடுத்திருக்க மாட்டாங்க” என்றார் டீச்சர்.