வெங்காயம் தன்னைப் பிரித்துக் கொடுத்த கதை

அடுப்பும் பேசும், அடுப்பில் ஏறுகிற காய்கறியும் பேசும் என்றிருந்த அந்தக் காலத்தில், ஓர் அகன்ற ஆற்றின் நடுவே நாணல்திட்டு என்றொரு மேடு இருந்தது. ஓடம் தள்ளிப் பிழைக்கிற குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. அந்த ஓடக்காரர்களுக்கெல்லாம் முன்னால் நின்று துடுப்புப் பிடிப்பவன் காடன். அவன் மனைவி சிலம்பாயி.

அப்போது சமையல் என்றால் கைப்பக்குவம் மட்டும் போதாது, வாயும் வேண்டும். நல்ல வார்த்தை சொல்லாமல் கத்தரிக்காய் காம்பைக் கிள்ள விடாது. புளிக்கு ஊர்க்கதை சொன்னால்தான் ஊறும். கோபத்தோடு தொட்டால் உப்பு வேண்டுமென்றே கூடிவிடும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் பாதிப்பேர் பச்சையாகவே தின்று காலத்தை ஓட்டினார்கள். சிலம்பாயிக்கோ பேச்சுதான் உயிர். அம்மியோடு வம்பளப்பாள், உலைநீரைக் கேலி செய்வாள், எதையும் அதட்ட மாட்டாள். அவள் கையில் எல்லாம் மனம் ஒப்பி வெந்தன.

வெங்காயம் மட்டும் அவள் அடுப்புக்கு அதிகம் வந்ததில்லை. அன்றைய வெங்காயம் வேறு மாதிரி. வெளியே இதே செந்தோல்தான். உள்ளே சேனைக்கிழங்கைப் போல ஒரே கட்டி. அரிந்தால் கண் எரியாது, அரிவதுதான் பெரும்பாடு. வேகவைக்க ஒரு பகல் முழுக்க விறகு எரிய வேண்டும். கல்யாணத்துக்கு அண்டா ஏற்றும்போதுதான் அதன் நினைப்பே யாருக்கும் வரும். மற்ற நாளெல்லாம் கூரைக் கைமரத்தில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு, கீழே நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். சிலம்பாயி அதையும் விடமாட்டாள். குழம்பைக் கிளறிக்கொண்டே அண்ணாந்து பார்த்து அதனிடமும் நாலு வார்த்தை பேசுவாள்.

ஓர் ஐப்பசியில் மழை பிடித்தது. விடவே இல்லை. ஆறு கரை உடைத்துக்கொண்டு தாழ்வான ஊர்களுக்குள் புகுந்தது. காடனும் மற்ற ஓடக்காரர்களும் மரத்திலும் கூரையிலும் ஒண்டியிருந்தவர்களை ஓடம் ஓடமாக ஏற்றி நாணல்திட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திட்டில் கால் வைக்க இடம் இல்லை. சிலம்பாயியின் குடிசைதான் மேட்டின் உச்சியில் இருந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றி ஓலையையும் பாயையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். தானியக் குதிருக்குள் ஈரம் இறங்கி நெல் முளைவிட்டு நாறிப்போயிற்று. பசியைக் காட்டிலும் குளிர் அவர்களை அதிகமாக வாட்டியது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன. சிலம்பாயிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்படியொரு நாள் காலை கரைக்கு வந்த காடன் ஓடத்தைக் கட்டிவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பனந்தோப்புக்கு அப்பால் ஒரு குடிசைக் கூரைமேல் இன்னும் சிலர் இருப்பதாகச் சொன்னான். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. ஒரு துணியை ஆட்டிக்கொண்டே இருக்கிறாளாம். சுவர் கரைந்துகொண்டிருப்பதால் அந்தக் கூரை பொழுது சாய்வதற்குள் விழுந்துவிடுமாம். இதைச் சொல்லும்போது அவன் சிலம்பாயியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போகணும்னு தெரியுது புள்ள. ஆனா கை தூக்க வரல,” என்றான். “இவங்களைப் பாரு. எழுந்திருன்னு எந்த வாயால நான் சொல்லுவேன்?”

மற்றவர்களும் அவனைப் போலவே துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போனால்தான் அவர்கள் எழுவார்கள் என்று சிலம்பாயிக்குத் தெரிந்தது. குடிசைக்குள் போய் இருந்ததையெல்லாம் எடுத்து முன்னால் வைத்தாள். வாய்கட்டிய ஒரு ஜாடி எண்ணெய். சுரைக்குடுக்கையில் கொஞ்சம் கடலை மாவு, பிடியளவு அரிசி மாவு, உப்பு, மிளகு. கூரையில் செருகியிருந்ததால் நனையாமல் தப்பிய சுள்ளி ஒரு கட்டு. கூழ் காய்ச்சலாம் என்றால் இத்தனை பேருக்கு மாவு போதாது. மாவே இருந்தாலும் இத்தனை பேருக்கும் ஏற்றுகிற பெரிய பானைத் தண்ணீரை அந்தச் சுள்ளி கொதிக்க வைக்காது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, நாங்க இருக்கோமே,” என்றது கைமரத்திலிருந்து ஒரு குரல்.

கொத்தின் அடியில் தொங்கிய பெரிய வெங்காயம்தான் பேசியது.

“நீ வேகறதுக்கு இந்தச் சுள்ளி எந்த மூலைக்குடா கண்ணு?” என்றாள் அவள்.

வெங்காயத்துக்கு அது தெரியாதா? அது வேறொன்று கேட்டது. வெளியே யார் யார் இருக்கிறார்கள், எனக்கு இங்கிருந்து தெரியவில்லை, சொல்லு என்றது. சிலம்பாயி வாசலில் எட்டிப் பார்த்துச் சொன்னாள். மரப்பலகை மாதிரி உள்ளங்கை உள்ள துடுப்புக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். பல் போன கிழவர்கள் உண்டு. இப்போதுதான் பல் முளைக்கிற குஞ்சுகளும் உண்டு.

வெங்காயம் ஒவ்வொருவரையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டது. பிறகு, “அப்போ எல்லாருக்கும் ஒரே அளவு ஆகாது,” என்றது. “எண்ணெய் கிட்ட பேசிட்டு வா. நான் என்னைப் பிரிச்சுக்கறேன்.”

பிரித்துக்கொள்வது என்றால் என்ன என்று சிலம்பாயிக்கு விளங்கவில்லை. ஆனாலும் போய் ஜாடியின் வாயை அவிழ்த்தாள். எண்ணெய் அந்தக் காலத்திலேயே முன்கோபக்காரர். தண்ணீருக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஈரத்தோடு யார் வந்தாலும் மூஞ்சியில் தெறித்துவிடுவார். அப்பம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அவரிடம் போய் முழுசாகத் திரும்பியதில்லை.

வெங்காயம் என்று கேட்டதும், சாறு உள்ளவன் என் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சிலம்பாயி அவரோடு வாதாடவில்லை. வெளியே ஆறு இரைகிற சத்தத்தைக் காட்டினாள்.

“கேட்குதா பெரியவரே? அந்தத் தண்ணிதான் இத்தனை பேரையும் இங்க கொண்டாந்து போட்டிருக்கு. இன்னும் கொஞ்சப் பேரு அதுங்கிட்ட மாட்டிக்கிட்டிருக்காங்க. உங்களால முடியும். மாட்டேன்னா நான் ஒண்ணும் சொல்லறதுக்கில்ல.”

எண்ணெய் யோசித்தார். பகையாளியிடமிருந்து ஆட்களைப் பிடுங்குவது என்றதும் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. ஆனாலும் விறைப்பு விடவில்லை. வருகிறவன் வெற்றுடம்போடு வரக்கூடாது, போர்த்திக்கொண்டு வரவேண்டும். கூட்டமாக வந்து விழக்கூடாது, இடம் விட்டு வரவேண்டும். முன்னால் ஒரு சொட்டு மாவை அனுப்பிக் கேட்கவேண்டும். “நான் தயாரா இருந்தா அதை மேலே தூக்கி விடுவேன். அடியிலேயே கிடந்தா, வராதேன்னு அர்த்தம்,” என்றார்.

போர்வைக்குக் கடலை மாவு ஒப்புக்கொண்டது. தனியாகப் போனால் தான் தொளதொளத்துவிடுவோம் என்று அதற்குக் கவலை. விறைப்பாக நிற்பதற்கு நான் கூட வருகிறேன் என்று அரிசி மாவு முன்வந்தது. சிலம்பாயி உப்பையும் நுணுக்கிய மிளகையும் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைத்தாள். விரலை முக்கி எடுத்தால் விரல் தெரியக்கூடாது, மாவும் ஒழுகிப் போகக்கூடாது. அந்தப் பதத்தில் நிறுத்தினாள்.

பிறகு வெங்காயத்தைக் கொத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அது அவளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னது.

அவள் கைக்குள்ளேயே அது நடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டதைப் போல வெங்காயம் ஒருமுறை விறைத்தது. உள்ளே ஏதோ நெறிபடுகிற சத்தம் கேட்டது. நடுவிலிருந்து ஓர் ஏடு விட்டுப் பிரிந்தது, அதற்கு வெளியே இன்னோர் ஏடு, அதற்கும் வெளியே வேறொன்று என்று தோல் வரைக்கும் அது தன்னைத்தானே பிரித்துக்கொண்டே வந்தது. ஒவ்வோர் ஏடு விடும்போதும் அவள் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது. போதும் போதும் என்று அவள் கெஞ்சினாள். அது நிறுத்தவில்லை.

“வலிக்குதாடா?”

“அரி அக்கா. சீக்கிரம் அரி.”

அவள் அதைக் குறுக்காக வைத்து அரிந்தாள். கட்டியாக விழவேண்டிய வில்லை பலகையில் விழுந்ததும், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகக் கழன்று நின்றது. பலகைபோன்ற கைக்கு ஒரு பெரிய வளையம், தாய்மாருக்கு அதற்கு உள்ளது, பிள்ளைகளுக்கு அதற்கும் உள்ளது, பல் முளைக்கிற குஞ்சு பிடித்துச் சப்புவதற்கு மோதிரம்போல் ஒன்று. வெங்காயம் யாரையும் மறந்திருக்கவில்லை. சிலம்பாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கண்ணீர் அதன்மேல் சொட்டியது. அரிந்த இடத்திலிருந்து அதன் சாறு எழும்பி அவள் கண்ணில் பட்டது. யார் அழுகிறார்கள் என்று தெரியாதபடி இரண்டும் கலந்தன. அதற்குப் பிறகு அந்த வெங்காயம் பேசவில்லை. கொத்தில் இருந்த மற்றவையும் மளமளவென்று உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்துகொள்கிற சத்தம் கேட்டது. அவையும் பேச்சை நிறுத்தின.

அழ நேரம் இல்லை. அரிந்துகொண்டே அழுதாள். வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பிரித்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, அரிசி மாவில் ஒருமுறை புரட்டினாள். சுள்ளியைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினாள். ஒரு சொட்டு மாவை விட்டாள். அது அடிக்குப் போய், உடனே சலசலவென்று மேலே வந்தது. முதல் வளையத்தைக் கரைசலில் முக்கி, ஓரமாக நழுவ விட்டாள்.

எண்ணெய் பெரும் சத்தம் போட்டார். ஆனால் தெறிக்கவில்லை. வளையம் போர்வையோடு மிதந்து, நுரைத்து, பொன்னிறமாயிற்று. சத்தம் மெல்லத் தணிந்ததும் ஒரு மூங்கில் குச்சியை அதன் நடுவில் விட்டுத் தூக்கினாள். வேக ஒரு பகல் முழுக்கப் பிடிக்கிற வெங்காயம், அவள் அடுத்த வளையத்தை முக்குவதற்குள் வெந்திருந்தது. நடுவில் ஓட்டையாக இருந்ததால் மாவும் கொஞ்சமாகத்தான் செலவாயிற்று. குச்சி முழுக்க வளையம் கோத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

முதலில் ஒரு சிறுமிக்குக் கொடுத்தாள். சிறுமி அதை வாங்கி, ஓட்டை வழியாகச் சிலம்பாயியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடித்தாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. எத்தனையோ நாளாக ஆற்று இரைச்சலைத் தவிர வேறெதையும் கேட்காத கூட்டம் அது. எல்லாத் தலைகளும் திரும்பின. சிறுமி தன் வாயிலிருந்தா அப்படிச் சத்தம் வந்தது என்று திகைத்து, இன்னொரு முறை கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பிறகு கைகள் நீண்டன. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பூவாக வெந்த இனிப்பு. இவ்வளவு இனிப்பை வெங்காயம் இத்தனை காலம் எங்கே வைத்திருந்தது என்று கிழவர்கள் கேட்டுக்கொண்டார்கள். திட்டு முழுவதும் கடிக்கிற சத்தம் பரவியது. பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்று அழத் தொடங்கின. அந்த அழுகையைக் கேட்டு சிலம்பாயிக்கு உயிர் வந்தது.

பெரிய வளையங்களை அவள் கரைக்குக் கொண்டுபோனாள். காடன் ஒன்றைத் தின்றான். இன்னொன்றைப் பாதி கடித்தவன் மீதியை வாயில் வைத்துக்கொண்டே ஓடத்தின் கட்டை அவிழ்க்கப் போனான். அவன் யாரையும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே எழுந்தார்கள். மழைத் திரைக்குள் ஓடங்கள் மறைகிறவரை சிலம்பாயி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பு அணைந்துவிடக்கூடாதே என்று உள்ளே ஓடினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஓடங்கள் திரும்பின. ஒருவரும் விட்டுப்போகவில்லை. கைக்குழந்தைக்காரி இறங்கி நடக்க முடியாமல் காடனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிலம்பாயி அவளை அடுப்பருகே உட்கார வைத்து, கடைசி ஈட்டிலிருந்து எடுத்த வளையங்களைச் சூடு தாங்கும்படி ஊதி ஊதி வாயில் கொடுத்தாள். இவ்வளவு ருசியாக என்னக்கா செய்தீர்கள் என்று கேட்டாளாம் அவள். நான் ஒன்றும் செய்யவில்லை, செய்தவன் இதோ உன் வாயில் இருக்கிறான் என்றாள் சிலம்பாயி.

வெள்ளம் வடிந்ததும் மிஞ்சியிருந்த வெங்காயத்தை அவள் வண்டல்மண்ணில் ஊன்றினாள். அதன் குலத்தில் எதுவும் மறுபடி பேசவும் இல்லை, ஒரே கட்டியாக விளையவும் இல்லை.

அந்த ஐப்பசியிலிருந்துதான் வெங்காயம் உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்தே பிறக்கிறது, அரிகிற கை யாருடையதானாலும் கண் கலங்குகிறது, வெளியே மழை பிடித்தால் நம் வீடுகளில் யாரோ ஒருவர் வாணலியை ஏற்றி, முன்னால் ஒரு சொட்டு மாவை விட்டு, அது மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.