கட்டி தட்டிய நூல்

நட்சத்திரம் ஒன்றுகூடப் பிறக்காத காலம் அது, கேளுங்கள். வானத்தில் கருமேக நாடு என்று ஒரு நாடு. அங்கே இருட்டையும் புகையையும் தவிர வேறில்லை. வெளிச்சம் படாத பிள்ளைகள் அங்கே வளர்வதில்லை, புகையாகக் கரைந்துபோவார்கள்.

கூகையன் என்ற மந்திரவாதி அந்த நாட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "இந்தப் புகையையெல்லாம் ஒரே நூலாக நூற்று நாட்டைச் சுற்றிக் கட்டுங்கள். கட்டி தட்டாமல், அறுந்துபோகாமல் முடித்தால் வெளிச்சம் தருவேன்."

பெண்கள் நூற்றார்கள். நூல் எங்கே திரண்டாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டால் நீவி நீவிக் கலைத்தார்கள். கரைந்த பிள்ளைகளின் புகையையும் அதே நூலில்தான் சேர்த்து நூற்றார்கள்.

இருளாயியின் மகள் மின்னிக்கு முதலில் கால் கரைந்தது. பிறகு கை கரைந்தது. பிறகு மடியே வெறுமையாயிற்று; குரல் மட்டும் மிச்சம்.

"அம்மா, குளிருது."

"இதோ முடிஞ்சிடும், கண்ணு," என்றாள் இருளாயி. முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அழுது அழுது அவள் உடம்பின் சூடெல்லாம் போயிற்று. எவ்வளவு தேய்த்தும் கை சில்லென்றே இருந்தது. அவள் பிடித்திருந்த இடத்தில் நூல் திரண்டது.

பக்கத்தில் நூற்றுக்கொண்டிருந்த வேம்பி தடவிப் பார்த்துக் கத்தினாள். "அடிப் பாவி! பூசணிக்காய் மாதிரி கட்டி தட்ட விட்டிருக்கியே! உன்னாலே ஊரே இருட்டுல கிடக்கணுமா?"

"இப்ப மட்டும் என்னடி, வெளிச்சத்துலயா கிடக்கோம்?" என்றாள் இருளாயி.

கட்டி இரண்டு பக்கத்துப் புகையையும் தன்னிடம் இழுத்தது. இழுக்க இழுக்கக் கனத்தது. கனக்கக் கனக்க இழுத்தது. இருபுறமும் நூல் மெலிந்து மெலிந்து, பட்டென்று அறுந்தது.

கூகையன் பறந்து வந்தான். "தேய்! தேய்! சூடு காட்டிக் கலை!" அவன் குரல் நடுங்கியது.

"நூல்தான் அறுந்துபோச்சே, சாமி. இன்னும் ஏன் இந்தக் கட்டிக்குப் பயப்படறீங்க?" என்றாள் இருளாயி.

அவன் குனிந்து தன் வாயாலேயே சூடாக ஊதினான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெளிச்சம் அவன் கொடுக்கிற பொருள் அல்ல. இத்தனை காலமும் இந்தக் கைகள் கலைத்துக்கொண்டிருந்த பொருள்.

"கையை எடுங்கடி! எல்லாரும் கையை எடுங்க!" என்று அலறியபடி, சூடு படாமல் கட்டியைத் தன் குளிர்ந்த உடம்பால் மூடிக்கொண்டாள்.

முதலில் வேம்பி கையை எடுத்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். பிறகு எல்லாரும். நூல் நெடுகிலும், இடம் விட்டு இடம் விட்டுப் பூத் தொடுத்தாற்போலக் கட்டிகள் திரண்டன. இருளாயியின் கட்டி தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் சரிந்தது. அவள் பிடியிலிருந்து நழுவிச் சரிந்து சரிந்து, தீப் பற்றிக்கொண்டது.

வெளிச்சம் பட்ட இடத்தில் கூகையன் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக மற்றக் கட்டிகளும் எரிந்தன.

குரல் மிஞ்சியிருந்த பிள்ளைகளுக்கு உடம்பு திரும்பியது. குரலும் போன பிள்ளைகள் வரவில்லை. அவர்கள் அந்தக் கட்டிகளில் எரிந்துகொண்டிருந்தார்கள். வேம்பி என்றோ கரைந்துபோன தன் மகனைக் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்தாள்.

பெற்ற நாள் முதல் விரலால் தடவியே அறிந்த முகத்தை இருளாயி அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"அம்மா, ஏன் அழறே?" என்றது அந்த முகம்.

"அப்படியே உன் ஜாடைடி," என்றாள் வேம்பி, கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்.