ஏர்பேக்குக்கு முன்னால் உட்காராதே

சங்ககிரி பைபாஸில் நாச்சிமுத்து நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் ராக்கியப்பன், மாரப்பன், பொங்கியண்ணன் என்று மூன்று மெக்கானிக்குகள். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். நாச்சிமுத்துவுக்குத் தலை நரைத்ததே அதனால்தான்.

ஒரு மத்தியானம் கல்யாண மாப்பிள்ளை சிவநேசன் காரோடு வந்து நின்றான். ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக் என்ற காற்றுப்பையில் கோளாறு என்று காட்டும் விளக்கு அணையாமல் எரிந்தது. பொழுது சாய்வதற்குள் அவன் அந்தக் காரிலேயே மாப்பிள்ளை அழைப்புக்குப் போயாக வேண்டும். பெண்ணின் அப்பா பழனியப்பன் பெரிய முன்கோபி. நேரம் தவறி வந்தான் என்று ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பியவர். சிவநேசனுக்கோ அந்தப் பெண் மேல் உயிர்.

அந்த நேரம் பார்த்து, வழியில் நின்றுபோன ஒரு பஸ்ஸைப் பார்க்க நாச்சிமுத்து கிளம்ப வேண்டியிருந்தது. போகும்முன் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"விளையாட்டில்லடா, மூஞ்சியில வெடிச்சா பல்லு போயிரும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, ஒருத்தன் டீ குடிச்சு முடிக்கிற நேரம் சும்மா இருங்க. பையைத் தூக்கறப்ப அதோட முகம் உங்களைப் பாக்கக் கூடாது. டேபிள்ல வெச்சா வானத்தைப் பாக்கோணும். எப்பவுமே அதுக்கு முன்னால ஒருத்தனும் நிக்கக் கூடாது, உக்காரவும் கூடாது."

வயரைக் கழற்றினார்கள். "நாமளே டீ குடிச்சா சும்மா இருந்ததா ஆகாது" என்றான் ராக்கியப்பன். எனவே எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரைச் சுற்றி மூவரும் கைகட்டி நின்றார்கள். பாவம், அவர் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போனார். மூவரும் இன்னொருவரைத் தேட வேண்டியதாயிற்று.

பிறகு ராக்கியப்பன் பையைக் கழற்றித் தூக்கினான். மற்ற இருவரும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். "எங்கடா போனீங்க?" என்று அவன் திரும்பினான். அவர்கள் மறுபடி பின்னால் ஓடினார்கள். அவன் மறுபடி திரும்பினான். மூவருக்கும் தலை சுற்றிய பிறகுதான் பை மேசைக்குப் போனது.

"இது வானத்தைப் பாக்கலியே, தகரத்தையல்ல பாக்குது" என்றான் மாரப்பன். கூரையில் ஏறி இரண்டு தகரத்தைப் பிரித்தார்கள். நியாயமான வேலைதான்.

கோளாறு என்று பார்த்தால் ஒரு மஞ்சள் பிளக் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை அழுத்திவிட்டு, பையை மாட்டி, பேட்டரி வயரையும் மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. சிவநேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டு வேட்டியை மடித்துப் பிடித்தபடி பின் சீட்டில் ஏறிக்கொண்டான்.

"நான் ஓட்டறனுங்க" என்று கதவைத் திறந்த ராக்கியப்பன் அப்படியே நின்றுவிட்டான். "டிரைவர் சீட்டு ஏர்பேக்குக்கு நேர் முன்னாலயல்ல இருக்குது?"

"ஓனர் எப்பவுமேன்னு சொன்னாரே" என்றான் பொங்கியண்ணன்.

"பையைத் திருப்பலாமா?" என்றான் மாரப்பன்.

"அப்ப அது ரோட்டைப் பாக்கும். ரோட்டுல எத்தன பேரு போறாங்க."

சீட்டைத் திருப்புவது என்று முடிவாயிற்று. நட்டைக் கழற்றி, பின்பக்கம் பார்க்க வைத்து, கம்பியால் கட்டினார்கள். இப்போது ராக்கியப்பனும் மாப்பிள்ளையும் முழங்கால் இடிக்க எதிரெதிரே இருந்தார்கள்.

"ரோடு தெரியலியேப்பா" என்று சிவநேசன் அழாக்குறையாகக் கேட்டான்.

"பின்னாடி ரோடு நல்லா தெரியுதுங்க. ரிவர்ஸ்லயே போயிரலாமுங்க."

வேறு கார் தேட நேரமில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சிவநேசன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினான். ராக்கியப்பன் கையைப் பின்னால் வளைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாரப்பன் ஏர்பேக்குக்குக் கீழே படுத்து, கையால் பெடலை அமுக்கினான். பொங்கியண்ணன் வெளியே நடந்துகொண்டே "பிரேக்கு, பிரேக்கு" என்று குரல் கொடுத்தான்.

மண்டப வாசலில் பழனியப்பன் வாட்சைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள், மேளக்காரர்கள், சொந்தபந்தம் எல்லாரும் காத்திருந்தார்கள். சூரியன் விழப்போகும் நேரத்தில், பூ சுற்றிய கார் முதுகைக் காட்டிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வந்தது.

"மாப்பிள்ளை வர்றாரா, போறாரா?" என்றார் மேளக்காரர்.

பழனியப்பன் முகம் சிவந்தது. உற்றுப் பார்த்தார். கார் கிட்டே வந்துகொண்டுதான் இருந்தது. சட்டென்று அவர் முகம் மாறிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டு முறை இப்படின்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமல்ல? நல்லவேளை, நான் கவனிச்சேன்" என்று பதறியவர், கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எல்லாரும் திரும்புங்க, சீக்கிரம்."

அப்படியாக, பெண் வீட்டார் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்று, மேளதாளத்தோடு மண்டபத்துச் சுவருக்கு ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளையை வரவேற்றார்கள்.