ஆறாம் நம்பர் தட்டு

தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவர் ஞானாபரணம். ரயில்வே கேட் கீப்பர். அவர் காலத்தில் அந்தக் கேட்டில் ஒரு கோழிக்குஞ்சு கூட அடிபட்டதில்லை. அதை அவரே சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. தேவாலயத் தெரு பேக்கரியில் போய், “எனக்கு அடுப்பு வேலை சொல்லிக் கொடுங்க” என்று நின்றார். பேக்கரி மெத்தில்டாவுடையது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு, அவருக்கு அறுபத்தொன்று. அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த அடுப்பு பாதி நேரம் ஊருக்குச் சொந்தம். வீடுகளில் பிஸ்கட் மாவு பிசைந்து, வட்டம் வட்டமாக வெட்டி, பாத்திரத்தில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். மெத்தில்டா தன் தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பில் வேகவைத்துக் கொடுப்பாள். பெரும்பாலும் எல்லாம் ஒரே நிறம், ஒரே வட்டம். எது எந்த வீட்டுடையது என்று அவள் எழுதி வைத்ததே இல்லை.

ஞானாபரணத்துக்கு அது பொறுக்கவில்லை.

“மாறிப் போச்சுன்னா, மாஸ்டர்?”

“இதுவரைக்கும் மாறல.”

“இதுவரைக்கும் மாறல, சரி. இனிமேல்?”

அவள் அடுத்த தட்டை எடுத்தாள். அவரே சாக்பீஸ் வாங்கி வந்து ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் நம்பர் போட்டார். நோட்டில் நம்பருக்கு நேரே வீட்டின் பெயரை எழுதினார். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

ஆறாம் நம்பர் நவமணி டீச்சருடையது. தனி ஆள், ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஜெபசிங் கோயம்புத்தூரில் இருந்தான். அவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான், டீச்சர் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. ஆறு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு ஒரு டின் பிஸ்கட் மட்டும் போகும். ஓமம் போட்ட நெய் பிஸ்கட், டீச்சரின் மாமியார் வழி வந்த பக்குவம்.

“கடுதாசி ஏதும் வைப்பீங்களா, டீச்சர்?” என்று கேட்டார் ஞானாபரணம்.

“எதுக்கு, தம்பி? ஒரு கடி கடிச்சாலே அம்மாதான்னு தெரிஞ்சிரும். என்னைக்காவது அவனே வருவான்.”

சொல்லும்போது டீச்சர் சிரித்தார். ஆனால் பாத்திரத்தை ஞானாபரணத்தின் கையில் கொடுத்த பிறகும் உடனே விடவில்லை.

தட்டு அடுப்புக்குள் போனது. ஞானாபரணம் கதவருகிலேயே நின்றார்.

“திறந்து பாக்கட்டுமா, மாஸ்டர்?”

“நீங்க பாத்தா சீக்கிரம் வெந்துருமா?”

பாதி வெந்ததும், நிறம் ஒரே மாதிரி ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தட்டையும் முன்பின்னாகத் திருப்பி வைத்தார். வெந்ததும் எடுத்தார், ஆறவைத்தார், நோட்டைப் பார்த்து அவரவர் பாத்திரத்தில் கொட்டினார். டீச்சர் வாங்கிப் போய் டின்களில் அடைத்து, மகனுக்கு ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு, மற்றவற்றைப் பழைய சிநேகிதிகளுக்குக் கொடுத்தனுப்பினார். பண்டிகை ஆராதனை முடியாமல் பலகாரத்தை வாயில் வைக்காத வீடு அது. ருசி பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் இன்னொரு ஈடு மாவோடு வந்தாள்.

“அண்ணாச்சி, போன தடவை பிஸ்கட்ல ஓமம் மணந்துச்சே! நான் பெருஞ்சீரகம்லா போட்டேன்? ஆனா பிள்ளைங்க ஒண்ணு மிச்சம் வைக்கல.”

அவள் போன பிறகு ஞானாபரணம் நோட்டைத் திறந்தார். போஸ்ட்மாஸ்டர் வீடு ஒன்பது. தட்டை எடுத்து விளிம்பைப் பார்த்தார். மெதுவாக முன்பின்னாகத் திருப்பினார். ஒன்பது ஆறாகிவிட்டது.

தட்டைக் கீழே வைத்தார். முப்பத்தாறு வருஷம் பத்திரமாகக் காத்த பேர், நாலு அணா சாக்பீஸில் போயிற்று. அது கூடப் பரவாயில்லை. ஒரு கடியில் அம்மாவைத் தேடப் போகிற பிள்ளை, ஊரார் வீட்டுப் பிஸ்கட்டைக் கடிக்கப் போகிறான். அம்மா இந்த வருஷம் கடைச் சரக்கை வாங்கி அனுப்பிவிட்டாள் என்று நினைத்தால்? இருந்த ஒரு நூலும் அறுந்துவிடுமே.

“மாஸ்டர், நான் என்ன செய்யட்டும்?”

“டீச்சர் வீடு எங்க இருக்கு?”

“மூணாவது தெரு.”

“இங்க நின்னு அடுப்புக்கிட்டச் சொல்லுறீங்களே.”

அன்றைக்கே போனார். டீச்சர் வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். “தம்பி, டின் போய்ச் சேர்ந்துட்டுன்னு கூரியர்ல சொன்னாங்க” என்றார். அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். மறுநாளும் போனார், தெருமுனையோடு திரும்பினார். சாப்பாடு கசந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

மெத்தில்டா ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இருபத்துநாலாம் தேதி காலையில், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று கிளம்பினார். டீச்சர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. உள்ளே ஒருவன் தோளில் பையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“அம்மா, இன்னைக்கு என்ன தேதி?”

“ஏண்டா, எனக்கு என்ன பைத்தியமா?”

“பிஸ்கட்ல பெருஞ்சீரகம் கிடக்கும்மா. ஓமத்தையே மறந்துட்ட. வாயில வச்சதும் பகீர்னு ஆயிட்டு. ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறினேன். வா, டாக்டர்கிட்ட போவோம்.”

“நான் பெருஞ்சீரகம் போட்டேனா? நானா?” டீச்சருக்குக் கோபத்துக்குள்ளே பயமும் புகுந்துவிட்டது. ஒருவேளை போட்டிருப்போமோ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும்.

ஞானாபரணம் வாசற்படியில் நின்றார். சொன்னால், மகன் வந்த காரணமே இல்லாமல் போகும். சொல்லாவிட்டால், நல்லா இருக்கிற டீச்சர் புத்தி மாறினவராக டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் திறந்தாலும் வண்டி வருகிறது.

“தப்பு என்மேல” என்றார். ஆறு, ஒன்பது, தட்டு, சாக்பீஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

டீச்சர் நிமிர்ந்தார். “கேட்டியா? நான் மறக்கல. எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ இதுக்காக ஓடி வந்திருக்க வேண்டாம்.”

சொல்லி முடித்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

“அப்ப சரி” என்று எழுந்தான் ஜெபசிங். “பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு.”

ஞானாபரணம் பேக்கரிக்கு ஓடினார். அறுபத்தொரு வயது மூச்சு இரைத்தது.

“சொல்லிட்டேன், மாஸ்டர். சொன்னதுதான் வினையாப் போச்சு. வந்த பிள்ளை பதினோரு மணி பஸ்ல கிளம்புறான். டீச்சர் ‘எனக்கு ஒரு குறையும் இல்ல’ன்னுட்டாங்க.”

மெத்தில்டா கையைத் துடைத்தாள். பலகையிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள். உள்ளே ஊதிப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டாள்.

“டீச்சர் கையில கொடுத்து, பிள்ளைக்குக் கொடுத்து விடச் சொல்லுங்க.”

“வெறும் டின்னையா? நல்ல நாளும் அதுவுமா?”

“பதினோரு மணி பஸ்னு சொன்னீங்க.”

அவர் திரும்ப ஓடினார். ஜெபசிங் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானாபரணம் டின்னை நீட்டி, சொல்லச் சொன்னதைச் சொன்னார். வெட்கமாக இருந்தது.

டீச்சர் மூடியைத் திறந்தார். “வெறும் டின்னா இருக்கு? வெறும் பாத்திரத்தை எப்படிக் கொடுத்து அனுப்ப?”

“பரவாயில்லம்மா” என்றான் மகன்.

“இருடா.”

டீச்சர் சமையலறைக்குள் போனார். ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அலமாரிக் கதவு. பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. ஜெபசிங் கடிகாரத்தைப் பார்த்தான்.

டீச்சர் அதே டின்னோடு வந்தார்.

“போட ஒண்ணும் இல்ல, ஜெபா.” அவர் உதடு கோணியது. “எல்லாத்தையும் கட்டிக் கட்டி அனுப்பிட்டேன். தனியா இருக்கிறவளுக்கு எதுக்குன்னு எனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கிடல. வீட்டுல ஒண்ணுமே இல்லடா.”

அழுதுவிட்டார். முப்பது வருஷம் வகுப்பை அதட்டிய டீச்சர், கேட் கீப்பர் பார்க்கிறாரே என்று கூட நினைக்காமல் அழுதார்.

ஜெபசிங் டின்னை வாங்கினான். உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“மாவு இருக்கா?” என்றான்.

“இருக்கு.”

“ஓமம்?”

“அது இருக்கு.”

அவன் ஷூவைக் கழற்றினான். பையை நாற்காலியில் மாட்டினான்.

ஞானாபரணம் பேக்கரிக்கு நடந்தே வந்தார். மெத்தில்டா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் ஒரு தட்டு வருது, மாஸ்டர். ரெண்டு பேருமாச் சேர்ந்து பிசைஞ்சு கொண்டு வாராங்களாம்.”

“வரட்டும்.”

அவர் கொஞ்சம் நின்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஒண்ணு கேக்கணும். அந்த டின்னுல ரெண்டு பன்னாவது போட்டுக் கொடுத்திருக்கலாமே. வெறுமனே ஏன் கொடுத்து விட்டீங்க?”

அவள் அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

“நிறைச்சுத்தான் ஆறு வருஷம் அனுப்பிப் பாத்தாங்களே, அண்ணாச்சி.”