நாமக்கல்லுக்கு வரவிருந்த கப்பல்

கந்தப்பன் செங்கோடனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில். பாயசம் வரும்வரை இருவரும் கப்பலைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள்.

நாமக்கல்லில் ஒரு லாரிக் கம்பெனிக்காக ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமைப் பார்த்துக்கொண்ட நால்வரில் இவர்கள் இருவர். புதிதாக வந்த மேனேஜர் சாரங்கபாணிக்கு ஜாவா என்றாலே இளக்காரம்.

"உங்க பழைய புரோகிராம்ல ஏஐயைச் சேருங்க. எதைக் கேட்டாலும் பதில் சொல்லணும். தெரியாது, இல்லைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நாலு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

"எதைக் கேட்டாலுமா சார்?" என்றார் செங்கோடன்.

"எதைக் கேட்டாலும்!"

நால்வரும் அந்த உத்தரவை அப்படியே எழுதி ஏஐயைச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை முதலாளியம்மாவுக்கு முன்னால், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று ஏஐ டாண் டாணென்று சொன்னது. மேனேஜர் பெருமையோடு தொண்டையைச் செருமினார். செங்கோடன் கடைசியாக ஒரு கேள்வியைத் தட்டினார்: "நம்ம கப்பல் எங்கே?"

"கப்பல் பவானியைத் தாண்டிவிட்டது. நாளைக் காலை நாமக்கல் வந்து சேரும்."

"நம்மகிட்ட ஏதுங்க கப்பல்?" என்றார் அம்மா.

"இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு சார் உத்தரவுங்கம்மா. அதான் அதுவே ஒண்ணு வாங்கிருச்சுங்க" என்றார் செங்கோடன்.

சிரிப்பை அடக்கப் போய்க் கந்தப்பனுக்குப் புரையேறிவிட்டது. அம்மா அடக்கவே இல்லை.

செங்கோடன் புரோகிராமிலிருந்து அந்த உத்தரவை எடுத்துவிட்டு, கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்த பிறகே ஏஐ வாய் திறக்கும்படி ஜாவாவில் சில வரிகள் சேர்த்தார். மறுபடி கேட்டதும், "நம்மிடம் கப்பல் இல்லை" என்றது.

"இதை நம்பி லோடு ஏத்தலாம். நாலு பேரும் இங்கேயே இருங்க" என்ற அம்மா, மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீங்க காலைல போய்க் கப்பலை இறக்கிட்டு வந்துருங்க."

செங்கோடன் இறந்து ஒரு வருடமாகிறது. அவர் எழுதிய வரிகள் இன்றும் ஓடுகின்றன.