நெட்டைக்கல் வளர்ந்த விதம்

அன்று நெட்டைக்கல் மேட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். குரு பரஞ்சோதி. அவரைவிட ஒன்பது வயது மூத்த சீடர் மருதையன். கல்லைக் கும்பிட வந்த ஒரு கணவன், மனைவி. அவர்களின் வேனை ஓட்டிவந்த ஜமால்.

மேட்டில் மரம் கிடையாது. புல், காற்று, நடுவில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த ஒற்றைக் கல். யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர்கள் அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போவார்கள். பூசினால் வலி தீரும் என்று நம்பிக்கை.

மருதையன் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டார். பிறகு, முடிச்சுப் போட்ட கயிற்றால் கல்லை அளந்தார். வருஷம் தவறாமல் இரண்டையும் செய்கிறவர்.

“சாமி, போன வருஷத்தைவிட ரெண்டு விரக்கடை கூட. கல்லே வளருது. நான் மட்டும் ஏன் அப்படியே இருக்கேன்?”

குரு தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இதை எத்தனை தடவை கேப்பீங்க?”

“இதோட பன்னிரண்டு, சாமி.”

“மடியில என்ன?”

“மண்ணு.”

“எங்க எடுத்தது?”

“கல்லுக்கு அடியிலதான்.”

குரு குந்தி உட்கார்ந்து, கல்லுக்கு அடியில் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று.

ஜமால் எட்டிப் பார்த்தார். “வளருதாமே! இன்னும் ரெண்டு மழை பெய்யட்டும், நல்லாப் படுத்துக்கும்.”

அந்த மனைவி தன் மண்ணைக் குழியில் கொட்டினாள். கணவனும் கொட்டினான். ஜமால் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“நீயுமாப்பா?” என்றார் குரு.

“முதுகுவலிங்க.” அவரும் கொட்டினார்.

மருதையன் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கொட்டுங்கய்யா!”

“மாட்டேன் சாமி. இதைப் பூசித்தான் என் வீட்டுக்காரி எழுந்து நடக்கிறா. இல்லேன்னா படுத்த படுக்கை.”

“யார் பூசறது?”

“நான்தான். தினம் காலையில.”

“எவ்வளவு நேரம்?”

“அவ போதும்னு சொல்ற வரைக்கும் முழங்காலைத் தேய்ச்சு விடுவேன்.”

குரு மூச்சை இழுத்துவிட்டார்.

“உங்க வீட்டு வாசல் மண்ணே போதுமய்யா.”

மருதையன் மெதுவாக மடியை அவிழ்த்தார்.

குழியில் நான்கு பிடி விழுந்தது. முந்தைய வருஷங்களில் அவர் கொண்டுபோனதில் திரும்ப வரவேண்டியது, இன்னும் பதினோரு பிடி.