ஒரே வாயில் பாடும் ஸ்பீக்கர்

டிரைவர் சங்கரபாண்டி வாயைத் திறந்தால் அண்டப்புளுகு ஆகாசப்புளுகுதான். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் செண்பகா பஸ்ஸில் ஏறுகிற கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். அன்று காலை பஸ் ஷெட்டில் அந்தப் புளுகு மூட்டையை அவசரமாக அவிழ்க்க வேண்டியதாகிவிட்டது. அவன் உயிரையே வைத்திருந்த கோஆக்ஸியல் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட்டு, போட்டி பஸ்ஸில் இருப்பதுபோல் பெரிய பெட்டி ஸ்பீக்கர் மாட்டச் சொல்லிவிட்டார் முதலாளி ஆவுடைநாயகம். மெக்கானிக் அந்தோணி ஸ்குரூடிரைவரும் கையுமாக சீட்டின் மேல் ஏறிவிட்டான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்!" என்று குறுக்கே விழுந்தான் சங்கரபாண்டி. "இந்த ஸ்பீக்கர்ல பெரிய கூம்புக்கு நட்ட நடுவுல, கீச்சு சத்தத்துக்குன்னே குட்டி ட்வீட்டர் உக்காந்திருக்கு. கனத்த சத்தமும் கீச்சு சத்தமும் ஒரே வாயில வருது. எந்த சீட்டுல உக்காந்தாலும் ஒரே மாதிரி கேக்கும்."

"விக்கிறவனும் அப்படித்தான் சொல்லுதான். நெசமாவாடே?" என்றார் முதலாளி.

"நெசமாவா? போன மாசம் கடைசி சீட்டுல ஒரு பல் டாக்டர் உக்காந்திருந்தாரு. நாயனப் பாட்டு போட்டேன். ரெண்டு நிமிசம் கேட்டுட்டு, 'வாசிக்கிறவருக்குக் கீழ்ப்பல்லு ஆடுது, உடனே காட்டச் சொல்லுங்க'ன்னாரு!"

கண்டக்டர் மரியதாஸ் டிக்கெட் கட்டால் விசிறிக்கொண்டே, "பல் டாக்டர் எதுக்கு அண்ணே நம்ம பஸ்ஸுல வாராரு?" என்று கேட்டான்.

"கார் பஞ்சர். பேச்சுக்கு நடுவுல பேசாதலே. ரயில்வே கேட்ல என்ன நடந்துச்சுன்னு அண்ணாச்சிக்குத் தெரியுமா? பாட்டுல ஒரு ரயில் விசில் வரும். அதைக் கேட்டு கேட்கீப்பர் பதறிப்போய் கேட்டை இழுத்து மூடிட்டாரு. பாட்டுல ரயில் போய் முடிஞ்ச பிறகுதான் திறந்தாரு. நம்ம பாட்டுக்கு நம்ம பஸ்ஸே இருபது நிமிசம் நின்னுச்சு!"

முதலாளியின் மீசை லேசாக ஆடியது. அது சிரிப்புக்கு முந்தின ஆட்டம் என்று சங்கரபாண்டிக்குத் தெரியும். விடுவானா?

"அதை விடுங்க. பாபநாசம் ஏத்தத்துல குயில் கூவுற பாட்டு ஓடுது. காட்டுலேருந்து ஒரு பெண்குயில் ஜன்னல் வழியா உள்ள வந்து, இந்த மரியதாசு பைக்குள்ள முட்டை போட்டுட்டுப் போயிட்டு. பதினாலு நாளு இவன்தான் அடைகாத்தான்."

"நானா?"

"தூக்கத்துல காத்தே. உனக்கு எப்படித் தெரியும்?"

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்கு மதி எங்க போச்சு?" என்றான் மரியதாஸ். "சரி, குஞ்சு என்ன ஆச்சு?"

"அரை டிக்கெட் வாங்கிட்டு விக்கிரமசிங்கபுரத்துல இறங்கிப் போச்சு."

முதலாளி சிரித்தேவிட்டார். தப்பித்தோம் என்று சங்கரபாண்டி மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கரின் வலைமூடியைக் கழற்றிய அந்தோணி, "அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க" என்றான்.

நடுவில் இருந்த ட்வீட்டர் கண்ணுக்கே தெரியவில்லை. அதன்மேல் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். போன ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங், கண்ணாடி, ஸ்டெப்னி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்த சங்கரபாண்டி, மூடியைக் கழற்றி ஸ்பீக்கரின் நெற்றியிலும் பக்தியாக அப்பிவிட்டிருந்தான். அடுத்த ஸ்பீக்கரிலும் அதே கதை. காய்ந்து சிமெண்டாகிக் கிடந்தது.

"எட்டு மாசமா ட்வீட்டர் மூச்சே விடல" என்றான் அந்தோணி. "விசிலு, குயிலு எல்லாம் எங்கேருந்து வந்துச்சோ!"

சங்கரபாண்டிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்தோணி பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டு, நாயனப் பாட்டையே போட்டான்.

சங்கரபாண்டி படிக்கட்டுப் பக்கம் நின்று கேட்டான். நடந்து நடந்து கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டான். அவன் இத்தனை நாளும் சத்தியம் பண்ணின மாதிரியேதான் இருந்தது. அவனுக்கே அது அதிசயமாக இருந்தது, கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, வாசிக்கிறவரு மூச்சு இழுக்கது இங்க வரைக்கும் கேக்கு. சத்தியமா கேக்கு."

"பல்லு ஆடுதான்னும் பாத்துச் சொல்லுடே" என்றார் முதலாளி. பிறகு அந்தோணி பக்கம் திரும்பினார்.

"ஸ்பீக்கர் இருக்கட்டும்டே. வார ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை இவன் வாயில அப்பு."